ஒரு பட்டியலும் சில கேள்விக்குறிகளும்

என் மேஜை இழுப்பறையில் ஐந்து தாள்கள் இருக்கின்றன. செம்மேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டவை. மொத்தம் 214 வரிகள். ஒவ்வொரு வரியிலும் முதலில் ஒரு தேதி, பிறகு நேரம், பிறகு ஒரு எண், கடைசியில் வரிசையாகக் கேள்விக்குறிகள். சில வரிகளில் மூன்று, சில வரிகளில் பதினைந்து. இது ஒரு கவிஞரின் பத்து வருஷ எழுத்துக்கான பட்டியல். எழுத்து இப்போது இல்லை, பட்டியல்தான் இருக்கிறது. இப்படி ஆனதில் என் பங்கு என்ன என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் மழுப்பிக்கொண்டே விமர்சனம் எழுதுவது இனி எனக்குச் சாத்தியமில்லை.

கொல்லிமலைக்கு நான் வந்தது உத்யோக மாற்றலில். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வங்கிக் குமாஸ்தாவுக்கு மலை என்பது நகைக்கடன், பயிர்க்கடன், ஓய்வூதியம் என்று மூன்று வரிசைகளாகத்தான் முதலில் தென்படும். அந்த மூன்றாவது வரிசையில் மாதாமாதம் வந்து நிற்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்தான், கல்லூரி நாட்களில் நான் படித்து மனசில் வைத்திருந்த ஒரு மெல்லிய கவிதைத் தொகுப்பின் ஆசிரியர் என்று தெரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. மலைக்காரர். மலைப் பள்ளியிலேயே வேலை பார்த்தவர். அந்த ஒரு தொகுப்புக்குப் பிறகு அவர் எதுவும் வெளியிடவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எழுதுகிறீர்களா என்று அவரை ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அந்த வருஷம் கடந்த இருபது வருஷத் தமிழ்க் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கட்டுரையின் முடிவில் 23 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல். அவர் பெயர் அதில் இல்லை. மறதியால் அல்ல. ஒற்றைத் தொகுப்புடன் நின்றுபோனவர் என்ற தீர்மானத்தில் விட்டேன். அந்தப் பத்திரிகையை அவரிடம் நானே கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து வங்கிக்கு வந்தவர் கட்டுரையைப் பற்றிப் பேசவில்லை.

“தம்பி, எங்கிட்டக் கம்ப்யூட்டர்ல ஒரு போல்டர் இருக்குது. அதுல என்னென்ன இருக்குதுன்னு எனக்கே நெனப்பில்ல. பேரை மட்டும் ஒரு பேப்பர்ல அடிச்சுக் குடுத்தீங்கன்னா பார்த்துக்குவேன்” என்றார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சாதாரண நோட்பேடில் எழுதி, தமிழிலேயே பெயர் வைத்துச் சேமித்திருந்தார். திரையில் பெயர்கள் ஓடின. நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. எனக்கு இடப்பட்ட வேலை பட்டியல் எடுப்பது.

விண்டோஸில் இது வேடிக்கையான சங்கடம். ஒரு போல்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் அச்சிடலாம். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை அச்சிட வெளிப்படையாக ஒரு பொத்தான் கிடையாது. டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர்கள் முதலில் கற்ற கட்டளையே ‘டிர்’. இருப்பதைக் காட்டு என்பது அதன் பொருள். இன்றும் கறுப்பு ஜன்னலைத் திறந்து அதே கட்டளையை அடித்து, ஒரு அம்புக்குறி போட்டு, திரைக்குப் போவதை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடலாம். அந்தக் கோப்பை அச்சிட வேண்டியதுதான். எனக்கு அது தெரியும். தெரிந்தவன் என்ற மிதப்பும் இருந்தது. திரையில் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தபோது எழுத்துரு இல்லாத குறை, தாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பட்டியல் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அந்தப் பென் டிரைவில் ஏராளமான இடம் இருந்தது. 214 கோப்புகளும் சேர்ந்து கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை. பட்டியலோடு எழுத்தையும் நகலெடுத்துக்கொள்ள அரை நிமிஷம் ஆகியிருக்கும். அவர் கேட்கவில்லை, எனக்குத் தோன்றவும் இல்லை. ஒரு கவிஞரின் எழுத்து முழுவதும் முன்னால் கிடக்க, பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தவன் நான்.

ஜெராக்ஸ் கடையில் தாள் வெளியே வந்தது. பெயர் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. காரணம் எளியது. அந்தக் கறுப்பு ஜன்னல் வழக்கமாக வைத்துக்கொண்டிருப்பது 256 குறிகள் மட்டுமே கொண்ட ஒரு பழைய அட்டவணை. அதில் தமிழ் கிடையாது. தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறிக்கும் அது ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு மேலே போகிறது. கட்டளைக்கு முன்னால் ‘சிஎச்சிபி 65001’ என்று ஒரு வரி அடித்திருந்தால் யூனிகோடுக்கு மாறித் தமிழ் தமிழாகவே வந்திருக்கும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தாள்களை அவரிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எல்லாமே கேள்வியாத்தான் இருக்குது தம்பி.” அடுத்த வாரம் வந்து சரியாக எடுத்துத் தருகிறேன் என்றேன். செப்டம்பரில் அரையாண்டுக் கணக்கு முடிப்பு. பிறகு தணிக்கை. பிறகு காய்ச்சல். பிறகு மார்ச். சித்திரையில் ஒரு மாலை இடியும் மின்னலுமாக மழை பெய்தது. அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் அதோடு நின்றது. கீழே கொண்டுபோன இடத்தில் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டிக் கொடுத்தார்கள். பழையதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். எட்டு மாதமாக வராதவனிடம் ஏன் சொல்ல வேண்டும்?

தமிழ் விமர்சனத்தில் பட்டியல் என்றால் க.நா.சு. ஞாபகம் வராமல் இருக்காது. சிறந்த நாவல்கள், சிறந்த சிறுகதைக்காரர்கள் என்று அவர் சலிக்காமல் பட்டியல் போட்டார். காரணம் சொல்லாமல் பெயர் மட்டும் சொல்வது விமர்சனமாகுமா என்ற சண்டை நம் சிறுபத்திரிகைகளின் பழைய சண்டைகளில் ஒன்று. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பாவின் வழி வேறு. ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு வரிவரியாக அலசினால்தான் அவருக்குத் திருப்தி. நான் படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே க.நா.சு. கட்சி. அலசல் பலசமயம் அலசுகிறவனின் சாமர்த்தியத்தைக் காட்டுவதோடு முடிகிறது; பட்டியல் குறைந்தபட்சம் வாசகனை நூலகத்துக்கு அனுப்புகிறது என்பது என் வாதம். இன்றும் அந்த வாதத்தில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் க.நா.சு.வின் பட்டியலுக்குப் பின்னால் அவர் வாழ்நாள் பூராவும் படித்த படிப்பு இருந்தது. படிப்பு குறையக் குறையப் பட்டியல் கனம் இழப்பதில்லை என்பதுதான் ஆபத்து. தாளில் பெயர் அதே கம்பீரத்தோடுதான் நிற்கிறது. படித்துவிட்டுப் போட்ட பெயர் எது, கேள்விப்பட்டுப் போட்ட பெயர் எது என்று பட்டியலைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த இடத்தில் 1880இல் கும்பகோணத்தில் நடந்தது ஞாபகம் வருகிறது. உ.வே. சாமிநாதையர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்குகிறார். நீண்ட பட்டியல், அத்தனையும் உண்மையாகவே படித்தவை. முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லாத ஒன்றைக் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. பட்டியலைக் கேட்டு மலைக்காத ஒருவர் தேவைப்பட்டார். என் 23 பெயர்களைப் பார்த்து அப்படிக் கேட்க யாருமில்லை. கேட்டிருக்க வேண்டியவர் வங்கியில் வரிசையில் நின்று பட்டியல் ஒன்று கேட்டார், அவ்வளவுதான்.

செய்தி தெரிந்து நான் போனபோது முற்றத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் திண்ணையில் அந்த ஐந்து தாள்களையும் விரித்து, பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போயிருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. “இங்க பாருங்க, ஏழு, அப்புறம் ஒரு எடம், அப்புறம் மூணு. இது வல்வில் ஓரி” என்றார்.

எண்ணிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஒரு தமிழ் எழுத்தை நாம் எண்ணுகிற மாதிரி எண்ணுவதில்லை. மெய்க்கு ஒரு குறி, புள்ளிக்கு ஒரு குறி, காலுக்கும் கொம்புக்கும் தனிக்குறி. ‘வல்வில்’ ஏழு, ‘ஓரி’ மூன்று. இரண்டு சொல்லுக்கு நடுவில் விட்ட இடம் மட்டும் கேள்விக்குறியாகாமல் இடமாகவே நின்றது. செம்மேட்டில் சிலையாக நிற்கிற அந்த மன்னன் பேரில் அவர் எழுதிய கவிதை அது. முதல் பூட்டு திறந்தது.

அதன்பின் நான் ஒன்றைக் கவனித்தேன். பெயர்கள் அழிந்தாலும் வரிசை அழியவில்லை. பெயர்களை அகரவரிசையில் அடுக்கிய பிறகுதான் அந்தக் கட்டளை அவற்றைக் கேள்விக்குறிகளாக மாற்றியிருக்கிறது. ஆகவே இரண்டு பெயர் தெரிந்தால் நடுவில் இருப்பவை எந்த எழுத்தில் தொடங்க முடியும் என்று சொல்லிவிடலாம். கம்ப்யூட்டரின் அகரவரிசை நம்முடையது அல்ல. அதில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும் றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும் நிற்கின்றன. நம் அகராதியில் ககர வரிசையின் கடைசிக்குப் போகிற ‘கனவு’ அதில் ‘கபிலர்’க்கு முன்னால் வந்துவிடும். ஆனால் ழ, ள, ற, ன என்ற நான்கும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. தொல்காப்பியம் வகுத்த அந்த விதியினால், முதல் எழுத்து வரையில் இயந்திரத்தின் வரிசையும் நம் வரிசையும் ஒத்துப்போகின்றன. எட்டுக் கேள்விக்குறிகள் இரண்டு இடங்களில் வந்தன. முன்னால் வந்தது ‘கேழ்வரகு’, பின்னால் வந்தது ‘செந்தினை’. இரண்டுக்கும் எட்டுதான்.

ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துகளின் தொகுப்பும் அட்டவணைகளும் யாரும் இன்னும் படித்து முடிக்காத ஒரு எழுத்தைப் பற்றியவை. எந்தக் குறி எத்தனை முறை, எதன் பக்கத்தில் என்று மட்டும் சொல்பவை. படிக்க முடியாததையும் ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்தால் பின்னால் வருபவனுக்கு ஒரு பிடி கிடைக்கும் என்ற நம்பிக்கை. அன்று திண்ணையில் எங்களுக்கு இருந்ததும் அதே பிடிதான். ஒரு வித்தியாசம். இங்கே எழுதியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவருக்கும் படிக்கத் தெரியவில்லை.

எண்களும் பேசின. யூனிகோடில் சேமித்த தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 618 பைட் என்றால் ஏறக்குறைய இருநூறு குறிகள், பத்துப் பதினோரு வரிக் கவிதை. அந்த அளவில்தான் பெரும்பாலானவை. நேரம் எல்லாம் விடியற்காலை நாலிலிருந்து ஐந்தரைக்குள். நிறுத்திவிட்டார் என்று நான் தீர்மானித்திருந்த பத்து வருஷமும் அவர் விடிவதற்குமுன் எழுந்து எழுதியிருக்கிறார். என் கட்டுரைக்கு எதிரான சாட்சியம் இதைவிடச் சுத்தமாக இருக்க முடியாது: ஒரு கவிதை வரிகூட இல்லை, ஆனால் தேதி, நேரம், அளவு, 214 தடவை.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து ஒரு தேதியைப் பார்த்தார். “அன்னிக்குத்தானே பலா சாஞ்சுது?” என்றார். அந்த வரியில் மூன்று கேள்விக்குறி. ‘பலா’. அவருக்குப் பாதிக் கவிதை ஞாபகம் வந்தது. மீதிப் பாதிக்கு அந்த அம்மாள் மரம் விழுந்த கதையைச் சொன்னார். கவிதையில் இருந்ததைவிட அது நன்றாக இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் 63 பெயர்கள் தெரிந்தன. முழுசாக ஞாபகத்திலிருந்து சொல்ல முடிந்த கவிதைகள் 11.

தானியப் பெயர்களில் ஒரு வரிசை எழுத நினைத்திருந்ததாகச் சொன்னார். இந்த மலையில் சாமை என்று ஒன்று மட்டும் கிடையாது. வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை. கேழ்வரகிலும் பெருங்கேழ்வரகு, அரிசிக்கேழ்வரகு, சுண்டங்கிக் கேழ்வரகு. சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி போட ஆரம்பித்தபிறகு இவற்றின் காடுகள் சுருங்கிவிட்டன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே இந்த விதைகளைக் காக்க வேலை செய்திருக்கிறது, பட்டியலும் எடுத்திருக்கிறது. ஆனால் அவர் அம்மா பெயர் சொல்லும்போது உள்ளங்கையில் விதை இருக்குமாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குவதை வகுப்பில் மனப்பாடப் பண்டமாகத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அருவியில் குளித்த பெண்கள் பறித்துவந்து பாறையில் குவிக்கிற பூக்கள் அவை, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை இருக்கிறது என்பது இவர் பேசியபோதுதான் உறைத்தது. என் 23 பெயர்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். எத்தனைக்குக் கை இருந்தது?

கடைசித் தாளில் ஒரு வரி. நான்கு கேள்விக்குறி. அளவு: 0. பெயர் வைத்துவிட்டு உள்ளே எதுவும் எழுதாத கோப்பு.

“அது சாமை. இல்ல, தினை. வரகாக்கூட இருக்கும். மூணுல ஏதோ ஒண்ணு, பேரு வெச்சேன், எழுத வரல” என்றார். சாமை, தினை, வரகு மூன்றும் நான்கு குறிகள்தான். நான் விடவில்லை. மேலே ஐந்து கேள்விக்குறி கொண்ட வரியை ‘மிளகு’ என்று கண்டுபிடித்திருந்தோம். கீழே ‘வல்வில் ஓரி’. மகரத்துக்குப் பின், ‘வல்’லுக்கு முன். சாமையும் தினையும் அங்கே வர முடியாது; ஆகவே வரகு. நிரூபித்துவிட்ட சந்தோஷத்தோடு நிமிர்ந்தேன். அவர் பென்சிலால் எண்ணிக்கொண்டிருந்தார். “யானையும் நாலுதான் தம்பி” என்றார்.

பழைய இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. பரிபாடலில் மொத்தம் 70 பாட்டுகள் என்று ஒரு பழைய வெண்பா கணக்குக் கொடுக்கிறது: திருமாலுக்கு 8, முருகனுக்கு 31, கொற்றவைக்கு 1, வையைக்கு 26, மதுரைக்கு 4. முழுசாகக் கிடைத்திருப்பவை 22. கொற்றவையின் அந்த ஒற்றைப் பாட்டு முழுப் பாட்டாகக் கிடைக்கவில்லை. அப்படி ஒன்று இருந்தது என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் இன்னொரு மாதிரி. பதினெட்டையும் பட்டியலிடும் வெண்பாவில் ஒரு சொல்லைப் பிரித்துப் படிப்பதில் குழப்பம். இன்னிலையா கைந்நிலையா என்று சண்டை. இன்னிலை என்று ஒரு நூல் கிடைத்தது, வ.உ.சி. உரையோடு வெளியிட்டார். அது பழைய நூலே அல்ல, பின்னால் யாரோ செய்தது என்பது ஆய்வாளர்கள் பலருடைய முடிவு. பட்டியலில் ஒரு பெயர் காலியாக நின்றால் அதை நிரப்ப ஒரு நூல் முளைத்துவிடும் போலிருக்கிறது. பூஜ்யம் பைட் வரிக்கு ‘வரகு’ என்று நான் பெயர் வைத்தபோது அதைத்தான் செய்தேன். எழுதாத கவிதைக்குக் கூடப் பொருள் சொல்ல ஒரு விமர்சகனால் முடியும். எழுதிய 213இல் ஒன்றைக்கூட அவன் திறந்து பார்க்கவில்லை.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “பத்து வருஷம் படிக்கறவங்க இல்லாமத்தான் இருந்துது. இப்பவும் அப்படித்தான். எனக்கு எதுவும் புதுசா ஆயிடல” என்றார். கோபப்பட்டிருந்தால் நான் அன்றிரவு கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

கேள்விக்குறிகள் உள்ள பென்சில் தாள்களை அவர் வைத்துக்கொண்டார். என்னிடம் இருப்பவை நகல். இரண்டாம் முறையாக அதே கடையில், அதே கோப்பிலிருந்து எடுத்தவை.

என் பழைய கட்டுரையின் இறுதியில் இருந்த பட்டியலை இத்துடன் வாபஸ் வாங்குகிறேன். அவர் பெயரைச் சேர்த்து 24 ஆக்குவது பரிகாரமல்ல. அந்த 23 பேரில் இருவருடைய தொகுப்புகளை நான் முழுக்கப் படித்ததில்லை. ஒருவருடையதைக் கையில் எடுத்ததே இல்லை. மற்றவர்கள் சொன்னதை வைத்துப் போட்டேன். அந்த மூவரும் இதைப் படித்தால் யார் யார் என்று யூகித்துக்கொண்டிருக்க வேண்டாம், நானே கடிதம் எழுதுகிறேன்.

அவர் இப்போது கம்ப்யூட்டரில் எழுதுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் காட்டினார். பதினோரு வரி. மேலே தலைப்புக்கு இடம் விட்டிருந்தது. என்ன தலைப்பு என்று கேட்டேன்.

“மொதல்ல படிங்க” என்றார்.